ஒரு பிடிலுக்கு இரண்டு பேர்

என் வீட்டுக்காரருக்கு வலது கை போனது ஒரு சனிக்கிழமை காலையில். ரயில்வே யார்டில் பெட்டிகளை ஒன்றோடொன்று கோத்துவிடுகிற வேலை அவருக்கு. கொக்கியை மாட்டிவிட்டு அவர் வெளியே வருவதற்குள் பெட்டி நகர்ந்துவிட்டது. யார் தப்பு, எவர் தப்பு என்று ஆளாளுக்குப் பேசினார்கள். பேசி என்ன செய்ய? ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த மனிதருக்கு மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை மேலேயே கை முடிந்துபோயிருந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி மூன்று வருஷம். பிள்ளை இல்லை.

வேலையிலிருந்து அவரை நிறுத்திவிடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ரப்பர் விலை விழுந்து தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். அந்த நேரத்திலும் இவருக்கு ரயில் கேட்டில் கொடி காட்டுகிற வேலை கொடுத்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸையும் பிடுங்கவில்லை. "நீ புண்ணியம் பண்ணவ, தங்கச்சி" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். சொன்னவர்கள் வாயில் ஒன்று போடலாம் போல எனக்கு வரும். வயிற்றுக்குக் குறைவில்லை, சரி. வீட்டில் ஆள் இல்லையே! பசியாறுகிறீர்களா என்று கேட்டால் தலையை ஆட்டுவார். வேண்டாம் என்றாலும் அதே ஆட்டல்தான். பேச்சு என்பது அடியோடு நின்றுபோனது.

ஒருநாள் கேட்டில் அவரோடு முறை மாற்றி வேலை பார்க்கிற அண்ணன் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தங்கச்சி, உன் வீட்டுக்காரரைக் கொஞ்சம் பாத்துக்க. கேட்டை இறக்கிட்டு அவரே தண்டவாளத்துல போய் நிக்கிறாரு. வண்டி ஊதுன பிறகுதான் நகர்றாரு. நேத்து ரொம்ப நேரம் ஊதுச்சு."

அன்றிலிருந்து எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த மனிதர் தண்டவாளத்தை விட்டு விலகி நிற்க வேண்டும். காலையில் அவர் வேலைக்குக் கிளம்பினால் நான் அடுப்படியில் நின்று வண்டிச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். ஊதல் கொஞ்சம் நீண்டுவிட்டால் கையில் இருக்கிற பாத்திரம் நழுவும். குலதெய்வத்தையும் கூப்பிட்டேன், திட்டவும் செய்தேன்.

அவர் பிடில் வாசிப்பவர். ஊரிலேயே கற்றுக்கொண்டு வந்தது. கை நன்றாக இருந்தபோது வெள்ளிக்கிழமை பஜனைக்கு அவர்தான் வாசிப்பார். திருவிழா என்றால் கிள்ளானுக்கு ரயிலேறிப் போவார். கை போன பிறகு பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார். ஒரே ஒருமுறை வெளியே எடுத்தார். வில்லைத் துணியால் மொட்டைக் கையில் இறுகக் கட்டிக்கொண்டு இழுத்துப் பார்த்தார். வில் தந்தி மேல் நிற்காமல் துள்ளித் துள்ளி ஓடியது. வில்லை நடத்துவது மணிக்கட்டுதானாம். அதுதான் அவருக்கு இல்லையே. கட்டிய துணியில் ரத்தம் கசிகிற வரைக்கும் இழுத்துவிட்டு, பல்லால் முடிச்சை அவிழ்த்து வீசினார்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் தெரியாது. வீசியதை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன்.

"நான் வில்லைப் போடுறேன். நீங்க விரலை வைங்க."

"உனக்குப் பைத்தியமா?" என்றார். பல நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. பைத்தியம் என்று சொன்னதற்காக நான் சந்தோஷப்பட்டேன் என்றால் நம்புவீர்களா? நான் சந்தோஷப்பட்டேன்.

தொடங்கும்போதே ஒரு காரியத்தைக் கெடுத்தேன். வில்லில் கட்டியிருப்பது குதிரை முடி. அது வறண்டுபோய், வெள்ளை வெள்ளையாகப் பொடி படிந்து, பொடுகு பிடித்த தலை மாதிரி இருந்தது. பெண்பிள்ளை கைக்கு அப்படி ஒரு முடி கிடைத்தால் என்ன செய்வாள்? நன்றாகத் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, பளபளவென்று ஆக்கி அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அடிப்பாவி! பிசினைத் தேய்ச்சு சொரசொரன்னு வச்சிருந்தேன். அதுலதான் சத்தமே பிறக்குது. எண்ணெயைப் போட்டு வழுக்க வச்சுட்டியே."

சவர்க்காரம் போட்டு மூன்று தரம் அலசினேன். ஒரு வாரம் நிழலில் காய்ந்தது. அந்த ஒரு வாரமும் ஒவ்வொரு வண்டி ஊதும்போதும் நான் செத்துப் பிழைத்தேன்.

உட்காருகிற விதத்தைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து, பிடிலின் அடியை நெஞ்சில் சாய்த்து, தலைப்பக்கத்தைக் கணுக்காலில் ஊன்றிக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்தால் என் கை எட்டவில்லை. எதிரே உட்கார்ந்தால் எல்லாம் தலைகீழ். கடைசியில் அவர் முதுகுக்குப் பின்னால் நெருக்கி உட்கார்ந்து, அவருடைய வலது அக்குளுக்குக் கீழே என் கையை நுழைத்து நீட்டினேன். அவர் கை இருந்திருக்க வேண்டிய இடத்தில் என் கை. வலது தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தால் தந்தியும் அவருடைய இடது கை விரல்களும் தெரியும். பட்டப்பகலில் புருஷன் முதுகில் ஒட்டிக்கொண்டு உட்காருவதா என்று கூச்சமாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டேன். புழுக்கத்தில் இரண்டு பேருக்கும் வியர்த்து ஊற்றும்.

வில்லைப் பிடிக்கவே இரண்டு வாரம் ஆயிற்று. அவர் இடது கையில் பிடித்துக் காட்டுவார். அதை நான் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றி வலது கையில் பிடிக்க வேண்டும். கட்டைவிரல் மடங்கியிருக்க வேண்டும், விறைத்தால் தோள் வரைக்கும் விறைத்துப்போகும். சுண்டுவிரல் மேலே சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், ஆனால் சும்மா இருக்கக் கூடாது. என்ன கூத்து இது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வெறும் தந்தியில் இழுப்பது. பிடியிலிருந்து நுனி வரைக்கும், நுனியிலிருந்து பிடி வரைக்கும், ஒரு மூச்சு இழுத்துவிடுகிற நேரத்துக்கு ஒரு வில். அவர் விரலே வைக்க மாட்டார். ஒரு மாதத்துக்கு மேல் அதே தந்தி, அதே சத்தம்.

சத்தம் என்றா சொன்னேன்? அடுத்த வீட்டு அக்கா சுவருக்கு அந்தப்புறமிருந்து, "யாரு வீட்டுப் பூனைக்கு வயித்துவலி?" என்று கேட்பாள். இவர் சிரிக்க மாட்டார்.

"அமுக்காதே. மசாலா அரைக்கிற கையை அடுப்படியிலேயே வச்சிட்டு வா. கையோட பாரம் தானா இறங்கணும், நீ தள்ளக்கூடாது."

"எனக்கு இருக்கிறது ஒரே கைதான். அரைக்க ஒண்ணு, வாசிக்க ஒண்ணுன்னு எங்க போறது?" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வேன். ஒற்றைக் கைக்காரரிடம் பேசுகிற பேச்சா இது!

வில், தந்தியைத் தாங்குகிற குதிரைக் கட்டைக்கு இணையாகப் போக வேண்டும். கோணலானால் கீச்சிடும். அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார், ஆனால் காது இருக்கிறதே. கோணலான அந்தக் கணமே மொட்டைக் கையால் என் முழங்கையை இடிப்பார். இடித்த வேகத்தில் அவருக்கே வலித்து, பல்லைக் கடிப்பார். இரண்டு பேரும் வலியோடு உட்கார்ந்திருப்போம். "விடுங்க, எனக்கு வரலை" என்று எத்தனையோ நாள் வில்லைப் போட்டுவிட்டு எழுந்திருக்கிறேன். அப்புறம் எங்காவது ஒரு வண்டி ஊதும். திரும்ப வந்து உட்காருவேன்.

மாதத்தில் மூன்று நாள் நான் ஒதுங்கி இருக்க வேண்டும். சரஸ்வதி குடியிருக்கிற சாமானை அப்போது தொடக்கூடாது என்பது அந்தக் காலத்து வழக்கம். அந்த மூன்று நாளும் அவர் பிடிலை மடியில் வைத்துக்கொண்டு தந்தியை விரலால் அழுத்திக்கொண்டே இருப்பார். எனக்குப் பார்க்கப் பொறுக்காது. பின்கட்டில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

எப்போது வந்தது என்று நாள் சொல்லத் தெரியவில்லை. வில் நுனிக்குப் போய்த் திரும்புகிற இடத்தில் என் மணிக்கட்டு, நான் நினைக்காமலே முதலில் திரும்பியது. சத்தம் அறுந்துபோகவில்லை. அவர் உடனே விரலை வைத்தார். ஒரு வரி வந்தது. முழுசாக, அசிங்கமில்லாமல். அவர் முதுகு என் நெஞ்சில் ஒட்டியிருந்ததால் அந்த நாதம் அவர் உடம்பு வழியாக எனக்குள் வந்தது. விரல் எந்த ஸ்வரத்துக்கு நகரப் போகிறது என்பது அவர் தோளில் முன்கூட்டியே தெரிந்தது.

"இப்ப சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ பசியாறிட்டியா?" என்று கேட்டார்.

நான் அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அடுத்த வாரம் சடக்கில் நடந்துபோகும்போது எதிரே வந்த அந்த அண்ணன், "இப்பல்லாம் வெளிய நின்னுதான் கொடி காட்டுறாரு" என்றார். அவருடைய காலில் விழாத குறைதான்.

ஏழெட்டுப் பாட்டு தேறியது. பெரிய வித்வத்து ஒன்றுமில்லை, பஜனைப் பாட்டுகள். சித்ரா பௌர்ணமி வந்தது. கிள்ளானுக்குப் போவோம் என்றார் இவர். பஜனைத் தலைவர் பழைய பழக்கம், மறுக்க மாட்டார் என்றார். பிடில் பெட்டியை நான் இடுப்பில் வைத்துக்கொண்டேன். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பங்களையும் தென்னைகளையும் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டு வந்தார். கல்யாணமான புதிதில்கூட என்னிடம் அவ்வளவு பேசியதில்லை.

பஜனைத் தலைவர் கிள்ளானில் ஏதோ கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். இவரைக் கட்டிக்கொண்டார். கையைப் பார்த்துக் கண் கலங்கினார். எப்படி வாசிக்கப்போகிறாய் என்று கேட்டார். கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் உட்கார்ந்து காட்டினோம். நான் பின்னால் உட்கார்ந்து கையை நுழைத்ததுமே தலைவர் முகம் மாறிவிட்டது.

"தம்பி, தப்பா நினைக்காதே. குடும்பப் பொண்ணு, மேடையில, அத்தனை ஆம்பளைங்க நடுவுல இப்படி ஒட்டி உக்காந்தா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. எனக்கும் மேல கமிட்டி இருக்கு. நீ ஒண்ணு செய். வாசல் பக்கம் மரத்தடியில பாய் போடச் சொல்றேன். சாமி புறப்படுற வரைக்கும் அங்க வாசி."

எனக்குச் சுருக்கென்றது. இவர் சரி என்றுவிட்டார். மரத்தடியில் உட்கார்ந்தோம். நான் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன். இடையில் வில்லைக் கீழே வைக்க நேர்ந்தால் முடியில் மண் ஒட்டிவிடுமே என்று, கொண்டுபோன வெள்ளைத் துண்டை எங்களுக்கு முன்னால் தரையில் விரித்தேன்.

யோசித்தேனா? இல்லை. கோயில் வாசலில், கை இல்லாத ஒருவர், பின்னால் முக்காடு போட்ட பெண்டாட்டி, முன்னால் விரித்த துண்டு. தமிழனாகப் பிறந்த எவனுக்கும் அதற்கு ஒரே அர்த்தம்தான். அது என் புத்திக்கு எட்டவில்லை, கேட்டீர்களா? வீட்டில் செய்கிற மாதிரியே செய்தேன்.

இரண்டாவது பாட்டில் ஒரு கிழவி குனிந்து ஒரு செம்புக்காசை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் இன்னொருத்தர். அப்புறம் ஒரு குடும்பமே நின்று, பிள்ளையின் கையில் காசைக் கொடுத்து வைக்கச் சொன்னது. "பாவம், கை இல்ல" என்று அந்தத் தாய் சொன்னது என் காதில் விழுந்தது. என் உடம்பு முழுக்கத் தீப்பிடித்தது. வில் நின்றுவிட்டது.

"நிறுத்தாதே" என்றார் அவர், திரும்பாமல்.

"காசு போடுறாங்க."

"போடட்டும். வில்லைப் போடு."

போட்டேன். கோணலும் மாணலுமாக. அவர் இடிக்கவில்லை. சுற்றிலும் முப்பது, நாற்பது பேர் நின்றார்கள். கேட்டார்கள், உண்மையில் கேட்டார்கள், அதை மறைக்க மாட்டேன். ஒரு பெரியவர் தாளம் போட்டார். இவர் கழுத்தில் வியர்வை ஓடியது, தலை ஆடியது, உடம்பு பூரித்தது. எல்லாம் என் நெஞ்சுக்குத் தெரிந்தது. ஆனால் என் கண் அந்தத் துண்டை விட்டு நகரவில்லை.

சாமி புறப்பட்டதும் காசை அள்ளி, உண்டியலில் போட்டுவிட்டு வந்தேன். திரும்பும் ரயிலில் அவர் சொன்னார், "கேட்டாங்கல்ல? அது போதும். வர்ற வெள்ளிக்கிழமை நம்ம கோயில் வாசல்லயும் உக்காருவோம்." நான் பிடில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன்.

செய்தி எங்களுக்கு முன்னால் பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் குழாயடியில் அடுத்த வீட்டு அக்கா, "ஏன் தங்கச்சி, சம்பளம்தான் வருதே, கிள்ளான்ல துண்டு விரிச்சீங்களாமே?" என்று கேட்டாள். அவள் கெட்டவள் அல்ல. வருத்தத்தோடுதான் கேட்டாள். தண்ணீர் பிடிக்கிற பெண்கள் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். நான் வாளியை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அவர் பாயை விரித்து, பிடிலை நெஞ்சில் சாய்த்து, எனக்காகக் காத்திருந்தார்.

"நான் வர மாட்டேன்" என்றேன்.

"என்ன?"

"வெள்ளிக்கிழமை, எந்தக் கிழமையும். நான் பிச்சைக்காரி இல்ல. அவ்வளவு ஆசைன்னா வில்லை வாயில கவ்விக்கிட்டு நீங்களே வாசிங்க."

அது என் வாயிலிருந்துதான் வந்தது. கோபத்தில் வந்தது, அவமானத்தில் வந்தது என்று என்ன சமாதானம் சொன்னாலும் வந்தது வந்ததுதான். அவர் என்னைப் பார்த்தார். பிடிலைப் பெட்டிக்குள் வைத்தார். வில்லை மூடியில் செருகினார். ஒற்றைக் கையால் இரண்டு கொக்கியையும் போட்டார். உதவிக்குப் போகலாமா என்று நின்றேன், போகவில்லை.

அவர் மறுபடி தண்டவாளத்தில் நிற்கவில்லை. அந்த அண்ணனிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன், நிற்கவில்லை. பேச்சும் நிற்கவில்லை. அரிசி, மழை, சம்பளநாள், யார் வீட்டுக் கல்யாணம் என்று பேசினார். ஏழு வருஷம் பேசினார். பிடில் என்ற வார்த்தையை மட்டும் சொல்லவே இல்லை. வீட்டுக்குள் வாசிக்க நான் எப்போது மாட்டேன் என்றேன்? அவர் கேட்டால் வந்து உட்கார்ந்திருப்பேன். அவர் கேட்கட்டும் என்று நான் இருந்தேன். நான் சொல்லட்டும் என்று அவர் இருந்திருப்பார். சாயங்காலம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அவருடைய இடது கை விரல்கள் பலகை விளிம்பில் ஓடும். எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரியும், எந்த இடத்தில் வில் திரும்ப வேண்டும் என்றும் தெரியும். தெரிந்தும் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

ஏழாம் வருஷம் மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும். ஒருநாள் மத்தியானம், கஞ்சி வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, "அந்தப் பெட்டியை எடு" என்றார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். அவரைத் தூக்கி, பின்னால் ஏறி உட்கார்ந்து, என் மேல் சாய்த்துக்கொண்டேன். எடையே இல்லை. பிடிலை அவர் நெஞ்சில் வைத்தேன். தந்தி தொய்ந்திருந்தது, முடிந்தவரைக்கும் முறுக்கினேன். அவர் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். மூடியிலிருந்து வில்லை எடுத்தேன்.

முடி மொத்தமும் உதிர்ந்து என் மடியில் விழுந்தது. திறக்காத பெட்டிக்குள் பூச்சி புகுந்து அத்தனையையும் அரித்திருந்தது. என் கையில் வெறும் குச்சி.

"போடு" என்றார்.

"பூச்சி அரிச்சிடுச்சுங்க" என்றேன். "முடி இல்ல. எல்லாம் போச்சு. நான் திறந்தே பாக்கல."

அவர் விரலை எடுக்கவில்லை. மெல்ல விரல்கள் நகர ஆரம்பித்தன. கிள்ளானில் வாசித்த முதல் பாட்டு. அவருடைய அக்குளுக்குக் கீழே கையை நீட்டி, குச்சியைத் தந்தியில் படாமல் இழுத்தேன், திருப்பினேன், இழுத்தேன். வீட்டில் எங்கள் மூச்சைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. வில்லை வாயில் கவ்விக்கொண்டு வாசிங்க என்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது. மன்னிச்சிடுங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாட்டு நடுவில் பேசக்கூடாதே என்று மூடிக்கொண்டேன். முடிந்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன்.

கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தார். பிறகு விரலை எடுத்தார்.

"படுக்க வை" என்றார்.

படுக்க வைத்தேன். அதற்குப் பிறகு அவர் கண் திறக்கவில்லை.